மூப்பர்களை யார் கூப்பிடுவது?

கர்த்தருக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே, எங்கள் வீட்டில் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. என் பெயர் கிரேஸ். தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம்.

போன ஐப்பசி மழையில் என் கணவர் செல்வினுக்குக் காய்ச்சல் வந்தது. அவர் விசைப்படகுகளின் டீசல் என்ஜினைப் பழுது பார்க்கிறவர். பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பாதமெல்லாம் வெடிப்பு. அந்தக் காலோடு தண்ணீருக்குள்ளேயே நின்று வேலை பார்த்தார். மழைக்காய்ச்சல், கஷாயம் குடித்தால் போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. கண் சிவந்தது. பிறகு மஞ்சளானது. தனி ஆளாக என்ஜினைப் புரட்டிப் போடுகிற மனிதர், கெண்டைக்கால் வலி தாங்காமல் அழுதார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலிக்காய்ச்சல், கால் வெடிப்பு வழியாக அழுக்குத் தண்ணீரிலிருந்து ஏறியிருக்கிறது என்றார்கள்.

"கிட்னி சரியா வேலை செய்யலம்மா. மருந்து ஏத்திக்கிட்டு இருக்கோம். நாளைக் காலைல வரைக்கும் பார்ப்போம். யூரின் இறங்கலன்னா டயாலிசிஸ்தான்" என்றார் டாக்டர்.

காலேஜ் படிக்கிற எங்கள் மகள் ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரையாவது ஜெபிக்கச் சொல்லுவோம்மா" என்றாள். யாரிடம் சொல்வது? அப்போது எங்களுக்குச் சபையே இல்லை.

அது எப்படி என்று சொல்கிறேன். என் கணவருக்கு வேதம் என்றால் உயிர். என்ஜினுக்கு மேனுவல் எப்படியோ, விசுவாசிக்கு வேதம் அப்படி என்பார். மேனுவலில் இல்லாத ஒரு நட்டைக்கூட மாட்டக் கூடாது. அதில் தப்பில்லை. ஆனால் முன்பு நாங்கள் போய்க்கொண்டிருந்த சபையில் எதைப் பார்த்தாலும் எழுந்து நின்று, "இதுக்கு வசனம் எங்க இருக்கு?" என்று கேட்பார். காணிக்கைப் பை சுற்றி வந்தால் கேட்பார். கீபோர்டு வாங்கியபோது கேட்டார். கிறிஸ்துமஸுக்கு சீரியல் பல்பு தொங்கவிட்டபோது, ஏணியில் நின்ற வாலிபனைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

அந்தச் சபையை நடத்துகிற மூப்பர்கள் இரண்டு பேர். ஒருவர் தங்கராஜ் அண்ணாச்சி, அரிசிக்கடை வைத்திருக்கிறவர். இன்னொருவர் லூர்து அண்ணன், தருவைகுளத்துக்காரர், சொந்தமாகப் படகு உண்டு. பல்பு விஷயத்தில் தங்கராஜ் அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏலே, எதுக்கெடுத்தாலும் வசனம் வசனம்ங்கியே, உன் வாயை அடக்கதுக்கு ஒரு வசனமும் கண்ணுல படலயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். என் கணவர் வேதப் புத்தகத்தை எடுத்தார், செருப்பை மாட்டினார், வெளியே வந்தார். பின்னாலேயே நானும் ஜெனியும்.

அதன் பிறகு ஞாயிறு ஆராதனை எங்கள் வீட்டு ஹாலில்தான். பிரசங்கியார் அவர், பாடகர் குழு ஜெனி, சபையார் நான். அவர் பிரசங்கம் பண்ணும்போது எனக்குக் கண்ணைச் சுற்றும். ஆனால் தூங்க முடியாது. தூங்கினால் சபையே தூங்கினதாக ஆகிவிடும். வெளியே சொல்லும்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. உள்ளே எனக்குப் பெரிய வேதனை. ஜெனியின் தோழிகள் எல்லாரும் அந்தச் சபையில்தான். எனக்கு மனதைக் கொட்ட ஒரு சகோதரி இல்லை. சமையல் பண்ணும்போது ஜெபிப்பேன்: "ஆண்டவரே, நான் சொன்னால் இவர் கேட்கமாட்டார். வசனம் சொன்னால்தான் கேட்பார். நீரே ஒரு வசனத்தைக் காட்டும்." எத்தனை நாள் இப்படி ஜெபித்தேன் என்று கணக்கில்லை. பதில் வந்தபாடும் இல்லை.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். டாக்டர் சொல்லிவிட்டுப் போன மத்தியானம், என் கணவர் கண்ணைத் திறந்து, "இன்னைக்குப் பகுதி வாசிச்சாச்சா?" என்று கேட்டார். வீட்டில் தினமும் ஒரு அதிகாரம் வரிசையாக வாசிப்போம். காய்ச்சல் வந்ததிலிருந்து விட்டுப்போயிருந்தது. ஜெனி போனில் வேதத்தை எடுத்துக் கொடுத்தாள். விட்ட இடம் யாக்கோபு நிருபம், ஐந்தாம் அதிகாரம்.

வாசித்துக்கொண்டே வந்தேன். ஒருவன் வியாதிப்பட்டால் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் கர்த்தருடைய நாமத்தில் எண்ணெய் பூசி அவனுக்காக ஜெபிக்க வேண்டும் என்கிற இடம் வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன். எத்தனை தடவை வாசித்த வசனம்! அன்றைக்குத்தான் எழுதி வைத்த மாதிரி இருந்தது.

"ஏன் நிறுத்திட்ட? திரும்ப வாசி" என்றார். திரும்ப வாசித்தேன்.

"நீ வேணும்னா மூப்பர்களைக் கூப்பிட்டுப் பாரேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! "அப்படிப் போடலங்க. வியாதிக்காரர்தான் வரவழைக்கணும்னு இருக்கு" என்றேன்.

"ஒருத்தரைக் கூப்பிட்டா போதாதா? லூர்து அண்ணன் மட்டும்?"

"மூப்பர்கள்னுல்லா இருக்கு."

ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அப்படியே கையை மட்டும் பின்னால் நீட்டினார். "போனைத் தா."

தங்கராஜ் அண்ணாச்சியிடம் அவர் பேசியது இவ்வளவுதான்: "அண்ணாச்சி, நான் செல்வின். எனக்குச் சொகமில்ல. யாக்கோபு அஞ்சு, பதினாலு."

அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சியின் குரல் எனக்கே கேட்டது. "எங்கனலே இருக்க? இந்தா வாரேன்."

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் மழையில் நனைந்துகொண்டு வந்தார்கள். அண்ணாச்சி கையில் கடையிலிருந்து எடுத்த நல்லெண்ணெய்ப் பாக்கெட். லூர்து அண்ணன் கையில் மருந்துக்கடையில் வாங்கிய சின்ன ஒலிவ எண்ணெய்ப் பாட்டில்.

கட்டிலின் ஓரத்தில் அண்ணாச்சி கூச்சத்தோடு நின்றார். "தம்பி, உள்ளதைச் சொல்லுதேன். இத்தன வருஷமா மூப்பனா இருக்கேன். ஒருத்தருக்கும் எண்ணெய் பூசுனது கிடையாது. நம்ம சபையில அந்தப் பழக்கமே இல்லாமப் போச்சு. எந்த எண்ணெய்ன்னுகூட எங்களுக்குத் தெரியல. வழி நெடுகச் சண்டை போட்டுக்கிட்டுத்தான் வாரோம்."

லூர்து அண்ணன் சொன்னார்: "எங்க ஊர்ல சாகக் கெடக்கவங்களுக்குத்தான் கத்தோலிக்கச் சாமியார் வந்து பூசுவாவ. எண்ணெயைப் பார்த்தாலே வீட்டுல எல்லாரும் ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சிருவாவ. அதான் எனக்கு இதுல ஒரு பயம்."

இவர் படுத்தபடியே, உலர்ந்த உதட்டோடு, "எந்த எண்ணெய்ன்னு எழுதல அண்ணாச்சி. ரெண்டும் சரிதான்" என்றார்.

முதலில் லூர்து அண்ணன்தான் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தோம். பக்கத்துக் கட்டில்காரரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். நர்ஸ் வந்து, "எண்ணெயைக் கட்டில்ல ஊத்திராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணாச்சி வசனத்தை நின்று வாசித்தார். பதினாலு, பதினைந்து வாசித்தார். பதினாறு வந்ததும் தயங்கினார். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிற வசனம் அது.

"தம்பி, இதுவும் சேர்ந்துதான் இருக்கு" என்றார் அண்ணாச்சி. கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கு அத்தன பேர் முன்னால உன்னை அசிங்கப்படுத்திட்டேன். உன் பிள்ளையும் நின்னுச்சு. அன்னையிலிருந்து திருவிருந்து அப்பத்தைப் பிட்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துது. மன்னிச்சிரு."

என் கணவர் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "நான் வசனம் கேட்டது தப்பில்ல அண்ணாச்சி. ஆனா உங்களை மடக்கணும்னுதான் கேட்டேன். ஜெயிக்கணும்னு கேட்டேன். நீங்கதான் மன்னிக்கணும்."

அண்ணாச்சி அவர் நெற்றியில் எண்ணெயைத் தொட்டு வைத்தார். இரண்டு பேரும் ஜெபித்தார்கள். சத்தம் போட்டெல்லாம் ஜெபிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரரும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குள் இருந்த ஏதோ ஒரு பாரம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. டயாலிசிஸ் வந்தாலும் வரட்டும், இனி நாங்கள் தனியாக இல்லை என்று தோன்றியது.

விடியற்காலையில் நர்ஸ் என்னை எழுப்பினாள். "அக்கா, யூரின் பையைப் பாருங்க!"

பார்த்தேன். பாதி நிறைந்திருந்தது. சகோதரிகளே, மூத்திரத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்ன பெண்ணை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நான் சொன்னேன். வார்டே கேட்கும்படி சொன்னேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மருந்து வேலை செய்கிறது, டயாலிசிஸ் இப்போது வேண்டாம் என்றார். மருந்தையும் கர்த்தர்தான் கொடுத்தார், மருந்து கொடுத்த டாக்டரையும் அவர்தான் கொடுத்தார். எனக்கு அதில் குழப்பமே இல்லை.

அன்று மத்தியானத்திலிருந்து சபைச் சகோதரிகள் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள். ஜெனியின் தோழிகள் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தூங்க வைத்தார்கள். இவர் நடக்கத் தொடங்கிய பிறகு வந்த முதல் ஞாயிறன்று, சபை வாசலில் லூர்து அண்ணன் குடையோடு எங்களுக்காகக் காத்து நின்றார்.

இவர் மாறிவிட்டாரா என்று கேட்பீர்கள். இப்போதும் வசனம் கேட்கிறார். ஆனால் கேள்வி வேறு. "இதுக்கு வசனம் எங்க?" என்று கேட்டவர், "இது வசனத்துல இருக்கே, நாம ஏன் செய்யல?" என்று கேட்கிறார். அண்ணாச்சியும் அவரும் புதன்கிழமைதோறும் உட்கார்ந்து வேதத்தைத் தேடுகிறார்கள். கீபோர்டு விஷயம் இன்னும் தீரவில்லை. ஆனால் அதன் ஸ்டாண்டு ஆடியபோது வெல்டிங் வைத்துக் கொடுத்தது இவர்தான். எங்கள் சபையில் இப்போது யாராவது நோய்வாய்ப்பட்டுக் கூப்பிட்டால் மூப்பர்கள் எண்ணெயோடு போகிறார்கள். போன மாதம் கீழவைப்பாரில் ஒரு தாயாருக்காகப் போனார்கள். இவர்தான் வண்டி ஓட்டினார். அந்தத் தாயாருக்குச் சுகம் உடனே வரவில்லை, இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் தன்னைத் தேடி இத்தனை பேர் வந்தார்களே என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்.

சபையில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். பெண்கள் எழுந்து பேசலாமா என்று எனக்கே ஒரு தயக்கம். இவரிடம் கேட்டேன். வேதத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், காபி ஆறிய பிறகுதான் வந்தார்.

"கல்லறைக்குப் போன பெண்கள்கிட்ட உயிர்த்தெழுந்த ஆண்டவர் என்ன சொன்னார்? போய்ச் சொல்லுங்கன்னார்லா? போ, சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன். இதை வாசிக்கிற உங்களுக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. வேதத்தைத் திறந்து பாருங்கள். வாசித்து வாசித்துப் பழகி, ஒருநாளும் செய்யாமல் விட்ட ஒரு வசனம் உங்களுக்கும் அதில் இருக்கும். அதை ஒருதரம் நம்பிச் செய்து பாருங்கள். எங்களைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார். ஆமென்.