மூக்கர் கட்டிய கீரைச் சுவர்

பால் அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை பக்கத்து வீடுவரை போயிருந்தது. அடுப்பருகிலேயே நாற்காலி போட்டுச் செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு மட்டும் அது எட்டவில்லை.

"என்னங்க, மூக்கைக் கழட்டி எங்கயாவது வச்சுட்டீங்களா?" மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பார்கள். கரப்பானுக்கும் கரையானுக்கும் மருந்தடிக்கும் கம்பெனியில் இவருக்குப் பெயரே மூக்கர். லேபிள் கிழிந்த கேனை நீட்டினால் போதும், ஒரே இழுப்பில் இது கரையான் மருந்து, இது வெறும் சோப்புத் தண்ணீர் என்று பிட்டுப்பிட்டு வைப்பார். மேனேஜரும் அந்த மூக்கை நம்பித்தான் காலி கேன்களைப் பிரித்து அடுக்குவார். நல்ல கம்பெனி, நல்ல மேனேஜர்!

மூக்கர் எழுந்து தீய்ந்த பாத்திரத்தின்மேல் குனிந்தார். ஒன்றுமில்லை. காபித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டார். அதிலும் ஒன்றுமில்லை. மழைக்கு முன்னால் ஒரு ஜலதோஷம் வந்து படுத்தியது. அது போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது, இவர்தான் சாதாரண மூக்கடைப்பு என்று இருந்துவிட்டார். பால்கனியில் கட்டிய கீரைச் சுவரின் மேல் வரிசை ஞாபகம் வந்துவிட்டது.

பேத்தி சுண்டுவுக்கு மருந்தடிக்காத கீரையாகக் கொடுக்க வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். ஊரெல்லாம் மருந்தடிக்கிறவரிடம்தான் கேட்டாள். அவரும் சளைக்காமல் பால்கனியில் சுவர்போல அடுக்கடுக்காகக் கீரை வளர்க்க இறங்கினார். பழைய ஜன்னல் கதவு வேண்டாம், உரிகிற பெயின்ட்டில் ஈயம் இருக்கும். பச்சை பூத்த பலகை வேண்டாம், பூச்சி அரிக்காமலிருக்க ஊறவைத்த மரம். டயரும் வேண்டாம். இரும்புச் சட்டம் அடித்து, கேன்டீனில் வாங்கிய சமையல் எண்ணெய் கேன்களின் வயிற்றைக் கிழித்து, வரிசை வரிசையாகத் தொங்கவிட்டார்.

"உங்க குடோன் கேன் ஒண்ணுகூட வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். மேல் வரிசைக்கு மூன்று கேன் குறைந்தது. குடோனில் லேபிள் இல்லாத மூன்றை முகர்ந்து பார்த்தார், வாடையே இல்லை. சோப்புக் கேன்தான் என்று கழுவி, சத்தமில்லாமல் மாட்டிவிட்டார். ஜலதோஷம் விட்ட கையோடு செய்த வேலை அது.

கூடத்தில் மகள் சுண்டுவுக்கு ஊட்டும் கரண்டி கிண்ணத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. "இன்னும் ஒரே ஒரு வாய், என் கண்ணுல்ல. தாத்தா போட்ட கீரைடி."

மூக்கர் பாய்ந்துபோய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். சுண்டு வீறிட்டு அழுதாள்.

"அப்பா! என்ன பண்றீங்க?"

சூடாக இருக்கிறது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

மனைவி நேரே பால்கனிக்குப் போனாள். ஸ்டூல்மேல் ஏறி முதல் கேனின் மண்ணைக் கிளறி முகர்ந்தாள். மண் வாசனைதான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குடலைப் புரட்டுது."

"நான் மேல கையே வைக்கலம்மா, கீழ் வரிசைலதான் பறிச்சேன்" என்றாள் மகள். அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

அந்த நிம்மதியையும் மூக்கரே பறிக்க வேண்டியிருந்தது. "மேல ஊத்துற தண்ணிதாம்மா சொட்டிச் சொட்டிக் கீழ வரைக்கும் வருது. நான்தானே அப்படி ஓட்டை போட்டேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான். "என்ன மருந்து?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ மருந்துகளின் பெயர் மூக்கருக்கு மனப்பாடம். அத்தனையும் வாயில் வந்து நின்றன, அதில் எது என்றுதான் தெரியவில்லை. "லேபிள் இல்லைங்க. மோந்து பார்த்துதான் எடுத்தேன்" என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஒருமுறை பார்த்தார். மகள் பார்க்கவே இல்லை.

அன்றுதான் முதல் பறிப்பு, உள்ளே போனது இரண்டு வாய்தான். சுண்டு வாந்தி எடுக்கவில்லை, துவளவில்லை. படுக்க வைத்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். மூக்கர் வராந்தாவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வீடு திரும்பியதும் சுவரைப் பிரித்து, மண்ணையும் செடியையும் ஒன்றுவிடாமல் மூட்டை கட்டினார். மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். தாத்தாவிடம் தாவச் சுண்டு கை நீட்டினாள். மகள் விடவில்லை.

மறுநாள் குடோனில் சக ஊழியர் வழக்கம்போல ஒரு கேனை நீட்டினார். "மூக்கரே, இது என்னன்னு பாருங்க."

"எனக்குத் தெரியாது."

"மோந்தே பார்க்கலையே?"

மூக்கர் கேனை வாங்கி மூடியை இறுக்கினார். "லேபிள் இல்லாததெல்லாம் இனிமே விஷம்தான்" என்று சொல்லிவிட்டு, தன் மூக்கை நம்பி அடுக்கியிருந்த காலி கேன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தார்.