கார்த்தஹேனாவில் குளிர்கோட் போட்டவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் ஒரு துளி நம்பிக்கையும் இருந்ததில்லை. கனடாவில் நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில் எந்தப் பிறந்தநாள் வீட்டிலாவது யாராவது பேய்க்கதை தொடங்கினால், "பேய்க்கு ஆர் விசா குடுத்தது, ஸ்பொன்சர் ஆர்?" என்று கேட்டு முழுச் சபையையும் சிரிக்க வைக்கிற ஆள் நான். ஆகவே இதை நான் சொல்லும்போது நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, என் வாய்க்கு அது வேண்டும். சிரித்து முடித்துவிட்டு மிச்சத்தையும் கேளுங்கள், ஏனென்றால் அந்தக் கோட் இன்னும் என் வீட்டு அலுமாரியில்தான் தொங்குகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் வேலை செய்த தொழிற்சாலையில் கிறிஸ்மஸ் விருந்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு வாழ்க்கையில் ஒரு சவர்க்காரப் பெட்டிகூடப் பரிசாக விழுந்தது கிடையாது. அன்றைக்கு விழுந்தது இரண்டு பேருக்கு உல்லாசக் கப்பல் பயணம். மயாமியில் ஏறி, தீவுகளைச் சுற்றி, தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டுத் திரும்புகிற கப்பல். செய்தி பரவியதும் சிநேகிதர்கள் விடவில்லை. "கப்பல்ல ஒளிச்சு வந்த சனத்தில, கப்பல்ல சும்மா சுத்திப் பாக்கப் போற முதல் ஆள் நீதான் மச்சான்" என்றார்கள்.

என் மனைவி வதனிக்குத்தான் மனமில்லை. எங்கள் மகள் துளசிக்கு அப்போது மூன்று வயது. அவளை டோர்செட் பார்க்கில் வதனியின் அக்கா சறோவின் அப்பார்ட்மெண்டில் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அதற்கு முதல் ஒரு இரவுகூட வதனி பிள்ளையைப் பிரிந்து படுத்ததில்லை. "கப்பல் எங்கயும் எங்களை விட்டுட்டுப் போயிட்டா, பிள்ளைக்கு ஆர்?" என்று விமான நிலையம் வரைக்கும் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் பகிடி பண்ணிப் பண்ணிக் கூட்டிக்கொண்டு போனேன்.

கப்பலில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஆனால் உறைப்பு என்பது மருந்துக்கும் இல்லை. அது தெரிந்தவள் மாதிரி வதனி வீட்டிலிருந்தே மட்டன் ரோல்ஸ் செய்து உறையவைத்து ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் அறையைத் துப்புரவு செய்கிற கோவாக்காரர் அதைக் கப்பல் குசினியில் வைத்துத் தருவதற்குச் சம்மதித்தார். நாளுக்கு இரண்டு ரோல்ஸ் அவருக்கு. கார்த்தஹேனா என்ற அந்தத் துறைமுகத்துக்கு வந்த காலையில், மிஞ்சியதைச் சுடவைத்து, நீல நங்கூரம் அச்சடித்த கப்பல் நாப்கினில் சுற்றித் தந்தார்.

இங்கேதான் எல்லாம் தொடங்கியது. பொரித்த இறைச்சியை வெளியே கொண்டுபோனால் கூடவே ஒரு இரும்புத்துண்டோ கரித்துண்டோ வைக்கவேண்டும், இல்லாவிட்டால் மணத்துக்குப் பேய் பின்னால் வரும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். வதனி அதற்கென்றே ஸ்காபரோவிலிருந்து ஒரு ஆணி கொண்டுவந்திருந்தாள், நம்புங்கள். கப்பல் வாசலில் இரும்பைக் கண்டுபிடிக்கிற கருவியோடு ஒரு காவலாளி நின்றான். கப்பலுக்கு வெளியே சாப்பாடு கொண்டுபோகக்கூடாது என்பது சட்டம். ஆணிக்குக் கருவி கத்தினால் பையைத் திறப்பான், ரோல்ஸ் போய்விடும். நான் ஆணியை எடுத்து, வதனி பார்த்துக்கொண்டிருக்கவே, கடலில் எறிந்தேன்.

"என்ன வேலை பாத்தனீங்கள்?" என்று முறைத்தாள்.

"கொலம்பியாப் பேய்க்கு ஆட்டிறைச்சி பிடிக்காது, சும்மா வாரும்."

ஊர் என்றால் அப்படி ஒரு ஊர். மஞ்சளும் நீலமுமாகப் பழைய வீடுகள், மாடத்தில் காகிதப்பூ தொங்குகிறது, தலையில் பழத்தட்டு வைத்த பெண்கள் சிரித்துக்கொண்டு போகிறார்கள், தெருவில் பொரியல் மணம். மாசி மாதம். ரொறொன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருக்க, எனக்கு இங்கே முதுகால் வேர்வை ஓடியது. வெயில் பட்டதும் வதனிக்குக்கூட முகம் மலர்ந்துவிட்டது. ஒரு தொப்பி வாங்கினாள், துளசிக்கு ஒரு சின்னச் சட்டை வாங்கினாள், மாம்பழத்துக்கு உப்பும் தூளும் போட்டுத் தின்றாள். இன்னொரு விசயம், அங்கேயும் ரொறொன்ரோவிலும் ஒரே நேரம். மணிக்கூட்டை மாற்றத் தேவையில்லை. "இப்ப பிள்ளை சாப்பிடுவாள்", "இப்ப பிள்ளை படுப்பாள்" என்று வதனி என் கையைப் பிடித்துப் பிடித்து நேரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

உச்சி வெயிலில் கடைகளெல்லாம் சாத்திவிட்டார்கள். நாங்கள் ஒரு படிக்கட்டில் நிழலுக்கு இருந்து பார்சலைப் பிரித்தோம். இரண்டாவது கடி கடிக்கும்போது வதனி என் தொடையில் இடித்தாள்.

எதிர்ப்பக்கச் சுவரோரம் ஒருவர் நின்றார். நம்பினால் நம்புங்கள், அந்த நெருப்பு வெயிலில் அவர் கபில நிறக் குளிர்கோட் போட்டிருந்தார். கழுத்துவரை பூட்டிய, முழங்காலுக்குக் கீழே வருகிற தடித்த கோட், நாங்கள் பனிக்குப் போடுகிற அதே மாதிரி. ஒரு சொட்டு வேர்வை இல்லை. அந்த ஊர்க்காரரா எங்கள் ஊர்க்காரரா என்று சொல்ல முடியாத நிறம், அந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான்.

வதனி ரொறொன்ரோவில் கோட் தைக்கிற தொழிற்சாலையில் பொத்தான் பகுதியில் வேலை செய்தவள். கோயிலுக்குப் போனாலும் சனத்தின் கோட்டுகளைத்தான் பார்ப்பாள். "மூண்டாவது பொத்தான் வேற. நீலம். வெள்ளை நூலால தைச்சுக் கிடக்கு" என்றாள்.

"விசரன் ஆரோ. எழும்பும், போவம்" என்றேன்.

போனோம். அவரும் வந்தார். நாங்கள் திரும்பினால் அவர் நிற்பார், நடந்தால் நடப்பார். நான் அவரைக் கழற்றிவிடுகிறேன் என்று இடமும் வலமும் சந்துக்குள் சந்தாகப் பூந்து, கடைசியில் துறைமுகம் எந்தப் பக்கம் என்பதே தெரியாமல் போய்விட்டது. எல்லாத் தெருவும் ஒரே மஞ்சள். ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. தட்டிக் கேட்ட ஒரு வீட்டில் எங்களுக்கு ஸ்பானிஷும் தெரியாது, அவர்களுக்கு ஆங்கிலமும் தெரியாது. மூன்று மணிக்குக் கப்பல் வெளிக்கிடும், யாருக்காகவும் நிற்காது என்று காலையில் நாலு தரம் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள். மணி ஒன்றரை தாண்டிவிட்டது. வதனி அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல் அழுதாள், அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. அந்த நிமிடம் எனக்கும் பயம் வந்தது, பேய்க்கு இல்லை, பிள்ளைக்கு.

பிறகு அவள் மூக்கைத் துடைத்துவிட்டு, நான் தடுக்க முதல், நேரே அந்தக் கோட்காரரிடம் போனாள். மிச்சம் இருந்த இரண்டு ரோல்ஸையும் நாப்கினோடு நீட்டினாள். "பசிச்சுத்தானே வாறியள், இந்தாங்கோ" என்று தமிழில்தான் சொன்னாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். ஒன்றை நின்ற நிலையிலேயே, ஆறுதலாக, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். மற்றதை நாப்கினில் சுற்றிக் கோட் பொக்கற்றில் வைத்தார். பிறகு எங்களைத் தாண்டி முன்னால் நடக்கத் தொடங்கினார்.

நான் அசையவில்லை. வதனி என் காதோடு வாயை வைத்து, மூச்சுக் காற்று மாதிரிச் சொன்னாள்: "அவருக்குப் பின்னால நடவுங்கோ. ஒண்டும் நடக்காது."

நடந்தோம். ஒரு முடக்கில் திரும்பினார். நாங்கள் ஓடிப்போய்த் திரும்பினால், தெரு நீளத்துக்கும் ஆள் இல்லை. வதனி என் கையை நசித்தாள். அடுத்த சந்தியில் மறுபடி தெரிந்தார், ஆனால் இப்போது கோட் இல்லை. மெல்லிய வெள்ளைச் சேட், அவ்வளவுதான். கோட்டைக் கழற்றுவதற்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் வேண்டும், கழற்றியதை எங்கே வைத்தார், ஒன்றும் விளங்கவில்லை. வெறும் கையை வீசிக்கொண்டு நடந்தார். குளிர்கிறவர் மாதிரித் தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டு நடந்தார், அந்த வெயிலில். கொஞ்ச நேரத்தில் துறைமுக வாசல் வந்தது. நான் நன்றி சொல்லத் திரும்பினேன், ஆளைக் காணவில்லை. கப்பலில் ஏறியதும் எனக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. "பாத்தீரோ, உம்மட பேய் ஒரு ரூரிஸ்ட் கைட்" என்று சொல்லி வதனியைச் சிரிக்க வைத்தேன். அன்று பின்னேரம் கப்பல் தளத்தில் பாட்டும் ஆட்டமும், நானும் ஆடினேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

ரொறொன்ரோவில் இறங்கி நேரே டோர்செட் பார்க்குக்குத்தான் போனோம். சறோ மச்சாள் கதவைத் திறந்தாள், துளசி ஓடிவந்து தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வதனி பிள்ளையைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். கதவுக்குப் பின்னால் கொளுவியில் ஒரு கபிலக் கோட் தொங்கியது. மூன்றாவது பொத்தான் நீலம். வெள்ளை நூல்.

"அக்கா, உது ஆற்ற கோட்?"

மச்சாள் கதிரையில் இருந்துவிட்டாள். போனில் சொன்னால் பயப்படுவோம் என்று மறைத்தாளாம். நாங்கள் கார்த்தஹேனாவில் நின்ற அதே நாள் கட்டிடத்தில் தீ மணி அடித்திருக்கிறது. பின்னேரம் ஒன்றரை, இரண்டு இருக்கும் என்றாள். யாரோ சட்டியைக் கருக்கிவிட்டார்கள், அங்கே அது வழக்கம்தான். எல்லாரும் போட்டது போட்டபடி படியால் இறங்கி ஓட, கூட்டத்தில் துளசியின் கை மச்சாளின் கையிலிருந்து நழுவிவிட்டது. வெளியே பனி கொட்டுகிறது, பிள்ளையின் உடம்பில் வெறும் கவுண், காலில் சொக்ஸ் மட்டும். மச்சாள் கத்திக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றி ஓடியிருக்கிறாள்.

"நான் செத்துப் போனன் தங்கச்சி. பாத்தா, பார்க்கிங் பக்கத்தால பிள்ளை தன்ர பாட்டுக்கு நடந்து வாறாள். உந்தக் கோட்டுக்குள்ள. கோட் நிலத்தில இழுபடுது. பக்கத்தில ஒரு குஞ்சும் இல்லை. ஒருத்தரும் கேட்டு வரேல்லை. குளிரவே இல்லை பிள்ளைக்கு, கை கால் எல்லாம் சுடுது. வாயெல்லாம் எண்ணெய், நான் அண்டைக்குப் புட்டும் பருப்பும்தான் குடுத்தனான்."

நான் கோட் பொக்கற்றுக்குள் கை விட்டேன். நாப்கின் இருந்தது. நீல நங்கூரம்.

வதனி பிள்ளையை நிலத்தில் இறக்கி, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்டைக்கு ஆரோட வந்தனி, குஞ்சு?"

"அந்த அங்கிளோட."

"தெரியாத ஆக்களோட போகக்கூடாது எண்டு அம்மா சொன்னனான் எல்லே?"

துளசிக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மாதானே சொன்னீங்கள், அவருக்குப் பின்னால நட, ஒண்டும் நடக்காது எண்டு."

வதனி பிள்ளையைத் திரும்பத் தூக்கிக்கொண்டாள். பிறகு மச்சாள் தேத்தண்ணி போட்டாள்.

துளசிக்கு இப்போது சொந்தக் குடும்பம், பிக்கரிங்கில் வீடு. அந்த நாள் அவளுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. நான் இதைத் தொடங்கினாலே "அப்பா, நொட் அகெய்ன்" என்று எழும்பிப் போய்விடுவாள். வதனி அந்தக் கோட்டை ஒவ்வொரு மாரிக்கும் முதல் ட்ரை கிளீனிங் கொடுத்து வாங்கித் திரும்பக் கொளுவிவிடுகிறாள். வேறு பொத்தான் கண்ணில் பட்டால் உடனே மாற்றித் தைக்கிறவள், அந்த நீலப் பொத்தானில் மட்டும் கை வைப்பதில்லை. "வந்து கேட்டா அவற்ற கோட் எண்டு அவருக்குத் தெரியவேணும்" என்கிறாள். எங்கே இறைச்சி கொண்டுபோனாலும் இப்போது ஆணி வைப்பதில்லை, ஒரு ரோல்ஸ் கூடுதலாக வைக்கிறாள். நான் பகிடி பண்ணுவதில்லை. ஆணி அன்றைக்குப் பையில் இருந்திருந்தால் அவர் எங்களுக்குப் பின்னால் வந்தே இருக்கமாட்டார்.

ஆனால் என்னை இன்றைக்கும் குடைவது அந்தக் கோட்டுமில்லை, நாப்கினுமில்லை. அவற்றை எப்படியாவது ஆயிரம் காரணம் சொல்லிச் சமாளித்துவிடுவேன், எனக்கு வாய் இருக்கிறது. அந்தத் தெருவில் வதனி, அவருக்குப் பின்னால் நடக்கச் சொன்ன அந்தச் சொல்லை உரத்துச் சொல்லவில்லை. என் காதுக்குள் வைத்துச் சொன்னாள். பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால்கூட அவருக்குக் கேட்டிருக்காது.