சங்கிலி ஜெபத்தில் அக்காவின் முறை

எங்கள் ஜெபக் குழுவில் அக்காவுக்கு வைத்த பெயர் கேள்விக்காரி. வைத்தவர் குழுத் தலைவர். பழைய கார் வாங்கி விற்கிறவர். 'முடியாது' என்ற சொல்லை அடுத்தவர் வாயிலிருந்து கேட்டுப் பழகாதவர். அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. அதே கூடத்தில் போர்வை மடிக்கிறவள் நான். என்னைக் குழுவுக்கு இழுத்து வந்ததே அவள்தான்.

வேத பாடத்தின்போது அக்கா கையைத் தூக்கினால் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒருமுறை, ஆபிரகாம் மகனைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப்போன பாடம்.

"போறதுக்கு முன்னாடி பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னாராமா?" என்று அக்கா கேட்டாள்.

"வேதத்துல இல்லாததைக் கேக்கக் கூடாது சிஸ்டர்."

"இல்லைன்னுதானே பிரதர் கேக்கறேன்."

சிரித்தது நான் மட்டும். அடுத்த வாரமே புதுச் சட்டம் வந்துவிட்டது: சந்தேகம் எதுவானாலும் ஜெபம் முடிந்தபின் தனியாகக் கேட்க வேண்டும். ஜெபம் முடிந்த கையோடு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாமர்த்தியசாலி.

பழைய சட்டம் ஒன்றும் உண்டு. ஒருவர் ஜெபிக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. ஆண்டவரோடு பேசுகிறவரை மறிப்பது பாவம். அந்தச் சட்டத்தின் தைரியத்தில் அவர் பாட்டுக்கு ஜெபித்துக்கொண்டே போவார், எங்களுக்கு முட்டி கழன்றுவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவின் மகள் புருஷன் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. படியில் விழுந்தேன், குளியலறையில் வழுக்கியது என்றெல்லாம் அவள் மழுப்பவில்லை. புருஷன் முறுக்கினான் என்றே சொன்னாள். அவனும் எங்கள் சபைதான், பாட்டுக் குழுவில் முன்வரிசை. "அவர் அப்படிச் செய்யற ஆள் இல்லையே" என்று ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரல் நன்றாக இருந்தால் கையும் நன்றாக இருக்க வேண்டுமா என்ன?

அந்த வாரக் கூட்டம் அக்கா வீட்டில். முன்னறைக் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திவைத்து, பாய் விரித்து, எல்லாருக்கும் இடம் பண்ணியிருந்தாள். மகள் அடுப்படியில் ஒற்றைக் கையால் டீ போட்டுக்கொண்டிருந்தாள். தலைவர் ஜெபக் குறிப்புகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒருவருக்கு வேலை வேண்டும், ஒருவருக்குச் சர்க்கரை இறங்க வேண்டும்.

"கடைசியா, நம்ம சிஸ்டரோட மகள் சனிக்கிழமை புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போறாங்க. என் கார்ல நானே கொண்டுபோய் விடறேன். குடும்பம் ஒண்ணு சேர ஜெபிப்போம்."

அக்காவுக்கே அது புதுச் செய்தி. அடுப்படியில் மகள் அடுப்பை அணைத்துவிட்டாள். அவளுக்கும் புதுச் செய்திதான்.

"பிரதர், யாரைக் கேட்டு நீங்க..."

"கேள்வியெல்லாம் அப்புறம் சிஸ்டர். எல்லாரும் கண்ணை மூடுங்க."

சங்கிலி ஜெபம் என்றால் ஒருவர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் தொடங்க வேண்டும். 'நீர்', 'உம்முடைய' என்று மற்றவர்கள் புத்தகத் தமிழில் ஜெபித்துவிட்டு நகர்த்த, அக்காவின் முறை வந்தது. அவள் வீட்டு மனுஷரிடம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள். நான் ஒரு கண்ணைத் திறந்துகொண்டேன்.

"ஆண்டவரே, என் மக கையை அவ புருஷன் முறுக்கி ஒடிச்சிட்டான். நீங்க பாத்துட்டுதான் இருந்தீங்க. ஏன் தடுக்கலைன்னு உங்களோட எனக்கு ஒரு சண்டை இருக்கு, அதை அப்புறம் வெச்சுக்கறேன்."

"ஆமென்!" என்றார் தலைவர் அவசரமாக.

"இன்னும் முடிக்கலை ஆண்டவரே."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"பொறுத்துப் போறதுதான் உங்க சித்தம்னு இங்க பேசிக்கறாங்க. நீங்க அப்படிச் சொல்லியிருந்தா நேரா எங்கிட்ட சொல்லுங்க, நான் உங்களோட வழக்காடிக்கறேன். சொல்லலைன்னா, சொல்லாததை உங்க பேர்ல சொல்றவங்களை நீங்களே கவனிச்சுக்கோங்க. சனிக்கிழமை கார் வரட்டும். நான் வாசல்ல குறுக்க நிப்பேன். என்னைத் தள்ளிட்டுத்தான் அவளைத் தொடணும்."

தலைவரின் காது சிவந்துவிட்டது. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். தான் போட்ட சட்டத்தை அத்தனை பேர் முன்னால் எப்படி மீறுவார்? எனக்குள்ளே அப்படியொரு சந்தோஷம்.

"அவளைப் போன்னு சொல்லவும் எனக்கு உரிமை இல்லை, இருன்னு சொல்லவும் இல்லை. நீங்க அவளையே கேளுங்க ஆண்டவரே. இதுவரைக்கும் யாருமே கேக்கலை."

அதோடு நிறுத்திவிட்டாள். ஆமென் சொல்லவில்லை. அடுத்தவர் தொடங்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார்.

மகள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கண்ணை மூடவில்லை. தலைவரைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தாள்.

"நான் போகலை ஆண்டவரே. சனிக்கிழமையும் இல்லை, எந்தக் கிழமையும் இல்லை. ஆமென்."

"ஆமென்" என்றேன் நான், தெருவுக்கே கேட்கும்படி. பாயின் அந்தக் கோடியிலிருந்து இன்னொரு ஆமென் வந்தது. அப்புறம் இன்னொன்று.

தலைவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சிஸ்டர், இதைப் பத்தி நாம உக்காந்து பேசணும்."

"பேச வேண்டியவர்கிட்டப் பேசியாச்சு பிரதர்" என்று அக்கா பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.