பெண் பார்க்க வந்த அன்று குளிர்காய்ச்சல்

நாட்றாம்பாளையத்துப் பெண் என்றாலே அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்கள். காட்டோர ஊர், குளிர்காய்ச்சல் ஊர். எனக்கும் அது இருந்தது. கொசு கொண்டுவந்து விடும் பூச்சி ரத்தத்தில் குடியிருக்கிறது என்று தேன்கனிக்கோட்டை கம்பவுண்டர் சொன்னார். ஒரு நாள் போட்டு ஆட்டிவைக்கும், மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் விட்டுவிடும், அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடி வரும். அந்தப் பூச்சிக்கு இருந்த நேரம் தவறாமை எங்கள் பக்கத்துப் பஸ்ஸுக்கு இருந்ததில்லை.

காய்ச்சல் சேதி கேட்டே சில வரன்கள் தட்டிப்போயின. அதனால் பாரூர் வரன் வந்தபோது, ஜோசியரைக் கேட்கும் முன்பே அப்பா என்னைக் கேட்டார்: "உனக்கு என்னிக்கும்மா நல்லாருக்கும்?" நான் சொன்ன நாளையே ஜோசியரும் நல்ல நாள் என்றார். அப்பா சொல்லிவைத்திருப்பார்.

அன்று அவர்கள் வரவில்லை. வழியில் யானைகள் நின்றதால் பஸ் திரும்பிப்போய்விட்டதாம். மறுநாள் உச்சிவேளையில், சரியாக எனக்குப் பல் கிட்டத் தொடங்கியபோது, வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா உட்காரும்போதே, "எங்க பாரூர் ஏரிப் பக்கம் காய்ச்சல் கீய்ச்சல் எல்லாம் இல்லீங்க" என்றார். காப்பித் தட்டோடு போனேன். டம்ளர்கள் கடகடவென்று ஆடின. இந்த வரனும் போயிற்று என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை அந்த வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தார். பெரிய நாகரிகக்காரர்தான் என்று எண்ணிக்கொண்டேன். டம்ளரை எடுத்தார். பாதிக் காப்பி கோட்டின்மேல். பல் தந்தியடிக்கும் சத்தம் என் வரைக்கும் கேட்டது.

அப்பா மெதுவாகக் கேட்டார்: "தம்பிக்கும் இன்னிக்குத்தானா?"

"நேத்தே வந்திருந்தா நல்லா இருந்திருப்பான்..." என்று அந்த அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவர்களும் எங்களைப் போலவே நாள் பார்த்துத்தான் கிளம்பியிருக்கிறார்கள்!

பிறகு அந்த அம்மா, மகனுக்காகப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்த கம்பளியை எடுத்தார். மகனிடம் போகாமல் நேரே என்னிடம் வந்து தோளில் போர்த்தினார். "அவனுக்குத்தான் கோட்டு இருக்குதே. நீ போத்திக்கம்மா." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் அம்மா வெற்றிலைத் தட்டிலேயே காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையை வைத்து நீட்டினாள். இவர் ஒன்று விழுங்கினார், நான் ஒன்று.

கல்யாணத்துக்கு நாள் குறிக்க அங்கேயே உட்கார்ந்தார்கள். இந்த முறை எங்கள் இருவரையும் சேர்த்தே கேட்டார்கள். இருவரும் ஒரே நாளைச் சொன்னோம்.