ஆலா மேலே வரும் வரை

வெள்ளிக்கிழமை காலை, முத்தையாபுரம் பஸ்ஸிலிருந்து துறைமுக வாசலில் இறங்கியதுமே காவலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிக்கேல் அண்ணாச்சி தவறிட்டாருல்லா. நெஞ்சு வலிக்குன்னு சொன்னாராம், அவ்வளவுதான்." அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன், வேலை ஓடவில்லை. சன்னலுக்கு வெளியே அவர் ஓட்டிய கிரேன் சும்மா நின்றது.

நீங்களும் இங்கே வேலை பார்த்த நாட்களில் அந்தக் கிரேன் பாதியில் நின்றால் நாம் எல்லோரும் சிரிப்போமே, நினைவிருக்கிறதா? மூட்டைகள் அந்தரத்தில் தொங்கும். கப்பல்காரர்கள் கத்துவார்கள். அண்ணாச்சியோ கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே ஓர் ஆலாப் பறவை அலகைக் கீழே சாய்த்து, காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். சட்டென்று சிறகை மடக்கித் தண்ணீருக்குள் விழும். மீனைக் கவ்விக்கொண்டு அது மேலே வந்த பிறகுதான் இவருக்கு மூச்சு வரும். "வந்துட்டான்லே" என்பார், மூட்டை இறங்கும். சாளை மீன் கூட்டம் வந்துவிட்டால் ஆலாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு வேலை நடந்த மாதிரிதான்! மேலதிகாரியிடம் எவ்வளவு திட்டு வாங்கினாலும் மாறவில்லை.

ஒருநாள் நானே கேட்டேன். "கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள மேல வந்துருதே அண்ணாச்சி, அதுக்கு ஏன் இம்புட்டுப் பதற்றம்?" தேநீரைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். இரண்டிலும் குறுக்கே பழைய தழும்பு.

முத்துக்குளிக்கும் ஊர்களில், மூழ்குகிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. துறைமுக வேலைக்கு வருமுன் அண்ணாச்சி தன் அக்காள் ரோசம்மாவின் கணவருக்குக் கயிறு பிடித்தார். ஒருநாள் கயிறு அடியில் பாறையில் சிக்கிக்கொண்டது. கைத்தோல் உரிய உரிய இழுத்தார். கயிறு வந்தது, மச்சான் வரவில்லை. கரையில் அக்காள் கேட்டாராம், "கயிறு ஒன் கையிலதானலே இருந்துச்சு?" அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. இருவருக்கும் ஒரே தெரு, ஒரே கோயில்.

"ஆலாக் குஞ்சு பறக்கப் படிச்ச பொறவும் தாய் தகப்பன் பின்னாலயே கத்திட்டுத் திரியும். அதுகளும் சலிக்காம மீன் கொண்டாந்து குடுக்கும்" என்றார் அன்று. பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அக்கா வாயில இருந்து ஒத்த வார்த்த போதும்லே" என்றார்.

அடக்கத்தன்று சவப்பெட்டியை மூடப்போகும் நேரத்தில் ரோசம்மா வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. தம்பியின் கையில் சுற்றியிருந்த செபமாலையைக் கழற்றி, அந்தத் தழும்பை விரலால் தடவினார். "ஏலே மிக்கேலு, நீ கயித்த விடல. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அன்றைக்கே தெரிந்ததை, அவர் காது கேட்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா? ஆனால் அந்த அம்மாள் அழுத அழுகையைப் பார்த்தபின் யாரைக் குறை சொல்வது?

அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். நேற்று கப்பல்துறையில் நாங்கள் நின்றிருந்தபோது ஓர் ஆலா தண்ணீரில் விழுந்தது. பேசிக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்தினேன். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். மேலே வந்தது.

"வந்துட்டான் அண்ணாச்சி" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. யாரும் சிரிக்கவில்லை.