அக்காவை மறுத்த மறுமொழி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்கு முன் என் பெயரில் எழுதப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் எழுதியவர் எனக்காக வழக்குப் பேசிய பிறக்கிராசியார். நான் தலையாட்டியது மட்டும்தான்.

அக்காவும் நானும் கனகராயன்குளத்தில் அடுத்தடுத்த காணிகளில் இருந்தோம். என் வயலுக்குப் போகும் வண்டில் பாதை அத்தானின் காணியோரமாகக் கிடந்தது. ஒரு மாரியில் என் வண்டில் அவருடைய வாழைகளைச் சாய்த்துவிட்டது. அந்தப் பாதையில் எனக்கு உரிமை இல்லை என்று அத்தான் வவுனியாக் கோட்டில் வழக்குப் போட்டார். நேரில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எனக்குக் கூச்சம், அவருக்கு ரோசம்.

அந்த நாளில் வழக்குக் கடதாசி எல்லாம் இங்கிலீசில். ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்ட பந்திகளாக இருந்த அத்தானின் முறைப்பாட்டுக்கு என் மறுமொழியை எழுத உட்கார்ந்த பிறக்கிராசியார் கேட்டார்:

"அவர் சொல்லுறது முழுக்கப் பொய்தானே?"

"ஓம் ஐயா."

"அப்ப எல்லாப் பந்தியையும் மறுக்கிறன். சரியோ?"

"ஓம் ஐயா."

பந்திகளில் என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை. கதிரை இருந்தும் நின்றுகொண்டிருந்தவன் நான். எதற்கும் ஓம் போடுகிறவன், எல்லாவற்றையும் மறுத்துவிட்டு வீடு வந்தேன்.

சில கிழமைகளில் அக்காவின் மகள் பெரியபிள்ளையானாள். தலையில் தண்ணீர் வார்க்கும் சடங்குக்குத் தாய்மாமன் வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே மாமன் நான்தான். வழக்கு வேறு சடங்கு வேறு என்று நினைத்து, புது வேட்டி கட்டிக்கொண்டு நாள் கேட்கப் போனேன். அக்கா படலையைத் திறக்கவில்லை.

"ஆரைத் தேடி வாறியள்?"

"என்னக்கா இது, எனக்கு மரியாதையெல்லாம்?"

"ஆருக்கு அக்கா? வழக்காளியின்ரை பெண்சாதி எதிராளியின்ரை தமக்கை எண்டு உன்ரை அத்தான் இரண்டாம் பந்தியிலை எழுதினவர். நீ அதை மறுத்துப்போட்டியாம். அவரின்ரை பிறக்கிராசியார் தமிழிலை சொல்லிக் காட்டினவர்."

"அது ஒரேயடியா எல்லாத்தையும்..."

"முதலாம் பந்தியும் பொய்யாம். நீ கனகராயன்குளத்திலையே இல்லையாம். பிறகேன் என்ரை படலையிலை நிக்கிறாய்?"

உள்ளே அத்தான் இருமினார். சிரிப்பை அடக்கத்தான் இருமினார் என்று இன்றும் நம்புகிறேன்.

"பிள்ளைக்கு ஆர் தண்ணி வாக்கிறது?" என்றேன்.

"அவளுக்கு மாமன் இருக்கிறானெண்டு முதல் கோட்டிலை எழுதிக் குடு. பிறகு வா." சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வண்டில் பாதையாலேயே திரும்பினேன். ஒருவரும் மறிக்கவில்லை.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய், இரண்டாம் பந்தியை ஒப்புக்கொள்வதாகத் திருத்தி எழுதச் சொன்னேன். "முதலாம் பந்தி?" என்று பிறக்கிராசியார் கேட்டார். அதையும் என்றேன்.