நுரையீரல் சுத்தம், ரத்தம் இல்லை

முழங்காலுக்குக் கீழே அந்தச் சிவப்புப் புள்ளிகளை முதலில் பார்த்த அன்று எனக்குப் பயமே வரவில்லை. குளித்துவிட்டுப் புடவை கட்டும்போது கண்ணில் பட்டன. குண்டூசி முனை அளவுதான். கொசு கடித்திருக்கும் என்று நினைத்தேன். சுரங்கத் தொழிலாளர்களின் ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் கொசுவுக்கா பஞ்சம்? தடவிப் பார்த்தேன். அரிக்கவில்லை, வலிக்கவும் இல்லை. அரிக்காத கொசுக்கடி எங்கே உண்டு என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ ரத்தம் குறைந்துகொண்டே போகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தைரியம் சொல்ல எழுதவில்லை. அது என்னிடம் அவ்வளவாக இல்லை.

ஆண்டர்சன்பேட்டையைத் தாண்டி ஒரு சின்னத் தகர டப்பா பட்டறை இருந்தது. சீனிவாசபுரம் பக்கத்து மாம்பழச் சாற்றை அடைக்கும் டப்பாக்கள் அங்கே தயாராயின. பழச்சாற்றின் புளிப்பு தகரத்தை அரித்துவிடும். அதனால் டப்பாவின் உள்ளே பொன்னிறத்தில் ஒரு பிசின் பூச்சு அடித்து, அடுப்பில் சுட்டு இறுக்குவார்கள். பூச்சு அறையில் நானும் ஸ்டெல்லாவும் இருந்தோம். கெட்டிப் பிசினைத் தின்னரில் கரைப்பது, ஸ்ப்ரே கன்னை டப்பாவுக்குள் விட்டு அடிப்பது, சுட்டு ஆறிய டப்பாவில் மயில்துத்தம் கரைத்த தண்ணீரை ஊற்றிச் சோதிப்பது, எல்லாம் எங்கள் வேலை. பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் செம்பு படிந்து சிவப்பாகத் தெரியும். அந்த டப்பாவைத் தள்ளி வைத்துவிடுவோம்.

அறையின் சன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டு மண் பறந்து வந்து ஈரப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும், டப்பா வீணாகும். எங்களுக்கு அதில் சந்தோஷம்தான். தங்கவயலில் தூசி இல்லாத ஓர் இடத்தில் வேலை கிடைப்பது லேசான காரியமா? என் மாமனார் சிலிகோசிஸில் (கல்தூள் நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் நோய்) செத்தார். என் கணவர் தர்மன் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுபவர். தூசி என்றால் எங்கள் வீட்டில் எமன் என்று அர்த்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, பழைய வேட்டியை நாலாக மடித்துத் தண்ணீரில் நனைத்து என் மூக்கைச் சுற்றி அவரே கட்டிக் காட்டினார்.

"கீழ நாங்க இப்டித்தான் கட்டிக்குவோம். இன்னா ஆனாலும் துணிய காய வுடாதே யசோதா. ஈரம் இருந்தா ஒண்ணும் உள்ள போவாது" என்றார்.

நான் ஸ்டெல்லாவுக்கும் கட்டக் கற்றுக்கொடுத்தேன். தின்னரின் இனிப்பு வாடை துணியைத் தாண்டி வந்துகொண்டேதான் இருந்தது. வாடைதானே, அது என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டோம். வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய பிசினைத் தின்னரிலேயே கழுவிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

புள்ளிகளுக்குப் பிறகு பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. தொடையில் எங்கும் இடித்துக்கொள்ளாமலே நீலமாகக் கன்றியது. மாதவிலக்கு வந்தால் நிற்க மறுத்தது. தண்ணீர்க் குடத்தோடு லைனின் கோடிக்கு நடப்பதற்குள் மூச்சு வாங்கியது.

மற்றதையெல்லாம் நான் சொல்லவில்லை. மூச்சு வாங்குவதை மட்டும் தர்மன் பார்த்துவிட்டார். அவர் முகம் வெளுத்துப்போனது. அவருடைய அப்பாவுக்கும் மூச்சில்தான் ஆரம்பித்ததாம். மறுநாளே ராபர்ட்சன்பேட்டைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, ஒரு புள்ளிகூட இல்லை என்றார். அவரிடம் நாங்கள் கேட்டது அது ஒன்றைத்தான். ஈறையும் தொடையையும் நான் காட்டவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பிரியாணி. எங்கள் ஊரில் எக்ஸ்ரே சுத்தம் என்றால் பரீட்சை பாஸான மாதிரி. அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தோம். ஸ்டெல்லா வந்து சாப்பிட்டாள். "அக்காவுக்கு நூறு வயசு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளிய இடம் சாயங்காலம் நீலமாகியிருந்தது.

அடுத்த வாரம் மூக்கில் ரத்தம் வந்தது. ஒரு புடவை முழுக்க நனைந்தும் நிற்கவில்லை. தர்மன் என்னைத் தூக்கிக்கொண்டு பங்காருப்பேட்டைக்குப் போய், ரயில் பிடித்து, காட்பாடியில் இறங்கி, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அங்கே டாக்டர் என் நெஞ்சைக் கேட்டுவிட்டு உடனே காலைப் பார்த்தார். சேலையை விலக்கியதும் நானும் பார்த்தேன். கால் நிறையப் புள்ளிகள். மயில்துத்தத் தண்ணீரில் தோற்ற டப்பாவைப் போல இருந்தது. நாள் முழுக்க அந்தச் சிவப்பைத் தேடுவதுதான் என் வேலை. என் காலில் வந்தபோது கொசு என்று நினைத்துவிட்டேன்.

ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் சிறு துகள்) மூன்றுமே குறைந்திருந்தன. நெஞ்செலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை (எலும்புக்குள் ரத்தம் உற்பத்தியாகும் இடம்) எடுத்துப் பார்த்தார்கள். வலியில் உயிர் போயிற்று. வெளியே வந்ததும் தர்மன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களமாரி போர் போட்டு சாம்பிள் எடுத்துட்டாங்களா? தங்கம் கீதான்னு பாக்கட்டும்" என்றார். இரண்டு நாளில் அவர் பேசிய முதல் பேச்சு அது. நான் சிரித்தேன், அவர் அழுதார்.

மஜ்ஜை கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. அப்ளாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும் நோய்) என்றார்கள். பிழைப்பேனா என்று தர்மன் கேட்டார். ரத்தம் ஏற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டும், மஜ்ஜை விழித்தாலும் விழிக்கும், விழிக்காமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ரத்தம் கொடுக்கத் தர்மனோடு ஷிப்டு பார்க்கும் ஆட்கள் ரயிலேறி வந்தார்கள். அவர்களோடு ஸ்டெல்லாவும் வந்தாள். ஆண்களிடம் எடுத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லாவின் விரலில் குத்திச் சோதித்துவிட்டு, ரத்தம் கம்மி, வேண்டாம் என்று உட்காரவைத்துவிட்டார்கள். சிறிது நேரத்தில் டாக்டரே அவளை என் கட்டிலுக்கு அழைத்துக்கொண்டு வந்தார்.

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"உறவில்ல சார். ஒண்ணா வேலை செய்றோம்."

"என்ன வேலை?"

சொன்னேன். பிசின், தின்னர், சாத்திய சன்னல், கை கழுவுவது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "மூக்குல துணி கட்டிக்குவோம் சார், ஈரத் துணி" என்று பெருமையாகவே சொன்னேன்.

"ஈரத் துணி தூசியைத் தடுக்கும்மா. ஆவியைத் தடுக்காது. அந்தத் தின்னர்ல பென்சீன் இருக்கலாம். சுவாசிச்சா மஜ்ஜையைக் கெடுக்கும். நீங்க ரெண்டு பேரும் இனிமே அந்த அறைக்குள்ள போகக் கூடாது" என்றார்.

என் கணவர் சுவரோரம் நின்றிருந்தார். துணி கட்டக் கற்றுக்கொடுத்த கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிக்கொண்டார். அவரை நான் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்த சாவிலிருந்து என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

டாக்டர் போனதும் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இனி பூச்சு அறைக்குப் போகாதே என்றேன்.

"தபசு நாளு இல்லக்கா? ஒருவேள சோத்தோட ஒருசந்தி இருந்துகினு வந்தேன், அதான் ரத்தம் கம்மியா காட்டுது" என்றாள். "ஈஸ்டர் முடிஞ்சி கறி சாப்ட்டா சரியாப் பூடும். நானும் போய் எக்ஸ்ரே எடுத்தேனே, சுத்தமா கீது. நீ நல்லபடியா வா, நம்ம எடத்த நான் பாத்துக்கறேன்."

என் இடத்தை யாரும் பிடித்துவிடக் கூடாது என்று எனக்கும் சேர்த்து வேலை செய்தாள். ஈஸ்டர் வந்தது, போனது. மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் போய்விட்டாள். வெள்ளையணு இல்லாத உடம்புக்கு ஒரு காய்ச்சல் போதும். சாவுக்குப் போக டாக்டர் என்னை விடவில்லை, கூட்டத்தில் எனக்கும் தொற்றிவிடும் என்று. வார்டு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அன்றைக்குப் பிழைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மஜ்ஜை விழிக்க எனக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஆண்களின் உடம்பில் ஊறும் சுரப்பு அது. மாதங்கள் ஓடிய பிறகு மெல்ல வேலை செய்தது. புள்ளிகள் மறைந்தன, ரத்தம் ஏற்றும் இடைவெளி நீண்டது, பிறகு ஏற்றவே வேண்டியிருக்கவில்லை. கூடவே மோவாயில் முடி முளைத்தது. குரல் உடைந்து கனத்தது. மாத்திரையை நிறுத்திய பிறகு முடி குறைந்தது. குரல் திரும்பவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து நான் பேசினால், "இன்னாண்ணே?" என்கிறார்கள். முதலில் அழுதேன். இப்போது பதில் சொல்லிவிடுகிறேன்.

குணமாகிவிட்டதா என்று கேட்டால் டாக்டர் சிரிப்பார். "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்பார். எனக்குக் காலம் என்பது இப்போது அவ்வளவுதான். இரண்டு ரத்தப் பரிசோதனைகளுக்கு நடுவில் கிடைப்பது. அதற்கு அப்பால் நான் எதையும் யோசிப்பதில்லை. அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கலாம் என்று தர்மன் சொன்னால் வேறு யாருக்கோ சொல்வது போல இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் காலைப் பார்க்கிறேன். தெருவில் போகும் பெண்களின் காலையும் பார்க்கிறேன்.

எங்கள் இரண்டு இடங்களுக்கும் வேறு இரண்டு பெண்களை எடுத்திருக்கிறார்கள். போன வாரம் பட்டறை வாசலுக்குப் போய், உள்ளே போகுமுன் அவர்களை நிறுத்தினேன். பட்டறைக்காரரிடம் தர்மன் இரண்டு தடவை பேசிப் பார்த்துவிட்டார், பயனில்லை. அதனால் அவர்களிடமே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெல்லாவைப் பற்றியும் சொன்னேன். மரியாதையாக நின்று கேட்டார்கள்.

"உங்க தொண்டை ஏங்க்கா இப்டி ஆயிடுச்சி? தூசியா?" என்று சின்னவள் கேட்டாள்.

"தூசி இல்லம்மா. மருந்து."

அவளுக்கு அது சமாதானமாக இல்லை. பரிதாபமாக என்னைப் பார்த்தாள். கழுத்தில் கிடந்த துணியைத் தொட்டுக் காட்டி, "நாங்க நல்லா நனைச்சி கட்டிக்கறோம்க்கா, நீங்க கவலப்படாதீங்க" என்றாள். இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாளும் போனேன். பெரியவள் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவள் சிரித்தாள். நாளைக்கும் போவேன். இந்தக் குரலில் சொன்னால் தூசி தின்றவள் என்றுதான் நினைக்கிறார்கள். ஆனாலும் இதில்தான் சொல்லியாக வேண்டும், என்னிடம் வேறு குரல் இல்லை.